மெழுகும் திருகும்

சுருதியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை ஏராளம். மெட்டைப் பற்றி எழுதப்பட்டவை சொற்பம். வீணையின் தண்டி மீது குறுக்கே பதிந்திருக்கும் உலோகத் துண்டையும் மெட்டு என்கிறோம், பாட்டின் உருவத்தையும் மெட்டு என்கிறோம். ஒரே சொல் இரண்டுக்கும் போதுமானதாக இருந்த மொழியில், முதல் மெட்டை ஆசாரியிடம் விட்டுவிட்டு இரண்டாவது மெட்டைப் பற்றியே நூறு வருஷங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். இருபத்திரண்டா இருபத்துநான்கா, நம்முடையதா அவர்களுடையதா என்ற சண்டைகளில் இறங்கியவர்களில் எத்தனை பேர் ஒரு மெட்டை அதன் இடத்திலிருந்து அரை மில்லிமீட்டர் நகர்த்தி, என்ன ஆகிறது என்று காதால் கேட்டுப் பார்த்திருப்பார்கள் என்பது எனக்குச் சந்தேகம். ஆபிரகாம் பண்டிதர் விலக்கு. அவரிடம் பிறகு வருகிறேன்.

இந்தச் சந்தேகம் எனக்கு வந்தது நூல்களால் அல்ல, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய ஒரு பழைய எலெக்ட்ரிக் கிதாரால். பழைய மின்விசிறி, தையல் மெஷின், கால் ஒடிந்த நாற்காலி, ரோஜாப் பதியன், கூண்டுக் கிளி, யாரோ கழற்றிப் போட்ட கதவு என்று எல்லாம் கிடைக்கிற சந்தை அது. 1863 மே 30ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்ததும் இதே பல்லாவரத்தில்தான். இந்தியப் பழைய கற்கால ஆராய்ச்சி அங்கிருந்து தொடங்குகிறது. பிறர் உபயோகித்துப் போட்ட கருவியைப் பொறுக்குவதற்குப் பல்லாவரம் வெகு நாட்களாக ஆகி வந்த இடம்.

கிதாரின் கோளாறு இது: வெறும் தந்திகளைச் சேர்த்தால் சேர்ந்துவிடும். விரலை வைத்ததும் விலகும். முதல் இரண்டு மெட்டுகளில் ஒரு விதமான விலகல், பன்னிரண்டாவது மெட்டில் இன்னொரு விதம், நடுவில் பரவாயில்லை என்கிற மாதிரி. பழுது பார்க்கிற ஒருவரிடம் காட்டினேன். இந்த விலைக்கு இவ்வளவுதான், புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அது ஒரு அபிப்பிராயம், நோயறிதல் அல்ல. சுருதி சேரவில்லை என்பதில் மூன்று தனித்தனி விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன: கருவியின் பழுது, கணக்கின் பழுது, காதின் பழக்கம். இவை மூன்றையும் குழப்பிக்கொண்டதுதான் நம்முடைய சுருதி விவாதத்தின் சரித்திரமும் என்று இப்போது தோன்றுகிறது.

கிதாரின் உறுப்புகளுக்குப் புதுச் சொல் தேடவேண்டியதில்லை. வீணைக்காரர்களிடம் எல்லாம் இருக்கிறது. தந்தி முறுக்கும் பிருடை, தந்தி முதலில் தொடும் மேரு, மெட்டுகள் அமர்ந்த தண்டி, தந்தியைக் கீழ்முனையில் தாங்கும் குதிரை. மேருவுக்கும் குதிரைக்கும் இடையேயுள்ள தந்திதான் ஒலிக்கிறது. அதன் சரிபாதியில் தாரஸ்தாயி ஸட்ஜம். என் கிதாரில் இந்த நீளம் 648 மில்லிமீட்டர். ஆகவே பன்னிரண்டாவது மெட்டு 324இல் இருக்கவேண்டும். இருக்கிறது. அளந்து பார்த்தேன். இருந்தும் அங்கே விரல் வைத்தால் ஸ்வரம் ஏறி ஒலிக்கிறது.

காரணம் எளிது. தந்தி மெட்டைத் தொட்டுக்கொண்டிருப்பதில்லை, அதற்கு மேலே நிற்கிறது. அதை அழுத்தி மெட்டில் படவைக்கும்போது தந்தி கொஞ்சம் நீட்சி பெறுகிறது, விறைப்பு கூடுகிறது, ஸ்வரம் ஏறுகிறது. தடித்த தந்தியில் அதிகம் ஏறும், உயரமாக நிற்கும் தந்தியில் இன்னும் அதிகம். காகிதத்தில் போட்ட கணக்கில் விரல் கிடையாது. கருவியில் உண்டு.

ஐரோப்பாவில் இந்த விரலைக் கணக்கில் சேர்த்துக்கொண்ட விதம் வேடிக்கையானது. விஞ்ஞானி கலீலியோவின் தகப்பனார் வின்சென்ஸோ கலீலி ஒரு லூட் வாத்தியக்காரர். 1581இல் வெளியான தம் நூலில், மெட்டு வைக்க 18க்கு 17 என்ற விகிதத்தைச் சொல்கிறார். மீதமுள்ள தந்தி நீளத்தைப் பதினெட்டாகப் பகுத்து ஒரு பங்கு தள்ளி ஒரு மெட்டு, பிறகு மிச்சத்தில் பதினெட்டில் ஒரு பங்கு, இப்படியே பன்னிரண்டு தடவை. கிதார் செய்பவர்கள் வெகுகாலம் இதைப் பின்பற்றினார்கள். ஆனால் கணக்கு பிசகானது. பன்னிரண்டு தடவை பகுத்தால் தந்தியின் பாதியை எட்டாது. 648 மில்லிமீட்டர் தந்தியில் இரண்டு மில்லிமீட்டருக்கும் மேலே குறையும். ஸ்வரத்தில் சொன்னால், ஓர் அரைச்சுரத்தை நூறு சென்ட்டாகப் பகுத்துக்கொண்டால், தாரஸட்ஜம் பன்னிரண்டு சென்ட் இறங்கி நிற்கும். விரலின் அழுத்தம் அதைத் தூக்கிச் சரிசெய்துவிடுகிறது, அல்லது கிட்டத்தட்டச் சரிசெய்கிறது. தப்பான கணக்கு சரியான கணக்கைவிடக் கைக்கு நெருக்கமாக இருந்தது. சரியான எண் 18 அல்ல, 17.817. இரண்டின் பன்னிரண்டாம் மூலத்திலிருந்து வருவது. இன்றைய கிதார்களில் மெட்டுகள் அந்த எண்ணின்படி யந்திரத்தால் வெட்டிய பள்ளங்களில் அடித்து இறக்கப்படுகின்றன. அவை நகரா. கணக்கு சரியானதும் விரல் மறுபடியும் கணக்குக்கு வெளியே நின்றுவிட்டது. அதை எங்காவது ஏற்றியாகவேண்டும்.

அது குதிரைக்கு வந்து சேர்ந்தது. எலெக்ட்ரிக் கிதாரை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான லியோ ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. ரேடியோ ரிப்பேர் செய்தவர். 1950இல் அவர் கொண்டுவந்த கிதாரில் குதிரை மூன்று துண்டுகள், ஒவ்வொன்றின் மேலும் இரண்டு தந்திகள். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஆறு தந்திக்கும் ஆறு துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு திருகு, ஒரு சுருள்வில். திருகினால் குதிரை முன்னே வரும் அல்லது பின்னே போகும், தந்தியின் நீளம் மாறும். மெட்டில் சாத்தியமில்லாமல் போன சமரசத்தைக் குதிரையில் வைத்துக்கொண்டார்கள். ரேடியோவில் அலைவரிசையைத் திருகிப் பிடிக்கிற மனசிலிருந்து வந்த தீர்வு மாதிரி எனக்குப் படுகிறது. வாத்தியக்காரனாக இருந்திருந்தால் இப்படி யோசித்திருப்பாரோ என்னவோ.

தஞ்சாவூர் வீணை இதற்கு நேர் எதிரிடை. வீணையில் குதிரை நகராது. மெட்டுகள் நகரும்.

தண்டியின் இரு விளிம்பிலும் மெழுகு. தேன்மெழுகோடு குங்கிலியமும் கரியும் சேர்த்து இறுக்கியது. அந்த மெழுகின் மேல் இருபத்துநான்கு வெண்கல மெட்டுகள், ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக இரண்டு ஸ்தாயிக்கு. மெழுகு இளகியிருக்கையில் ஒவ்வொரு மெட்டையும் தந்தியை அழுத்தி மீட்டிக் கேட்டு, நகர்த்தி, மறுபடி கேட்டு நிறுத்துகிறார்கள். மேளம் வைப்பது என்று இதற்குப் பெயர். கவனிக்கவேண்டியது இதுதான்: விரலால் அழுத்தித்தான் ஸ்தானம் பார்க்கிறார்கள். அழுத்துவதால் ஏறும் ஏற்றமும் சேர்ந்துதான் மெட்டின் இடம் நிர்ணயமாகிறது. விரல் கணக்குக்கு வெளியே நிற்கவில்லை, மெழுகுக்குள்ளேயே இருக்கிறது. சில வருஷங்களில் மெழுகு இளகும், வெடிக்கும், மெட்டில் தந்தி பட்டுப் பட்டுப் பள்ளம் விழும். மறுபடி மேளம். வாசிக்கிறவர் மாறினால் கைப்பழக்கம் மாறுகிறது, மேளமும் மாறலாம். இந்த வேலையில் தேர்ந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட நம்முடைய சங்கீத சரித்திரப் புத்தகங்களில் எனக்குக் கண்ணில் பட்டதில்லை.

வீணைக்கு இருபத்துநான்கு நிலையான மெட்டுகளை அமைத்தது தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், என்பது மரபு. அதற்கு முன்பே 1550இல், விஜயநகரத்து ராமராயரின் ஆதரவில் ராமாமாத்யர் எழுதிய ஸ்வரமேளகலாநிதி என்ற சம்ஸ்கிருத நூல் வீணையில் மெட்டு வைப்பதை விஸ்தாரமாகப் பேசுகிறது. அதில் ஓர் இடம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சாஸ்திரப்படி அந்தர காந்தாரம் வேறு, மத்யமத்துக்கு அடுத்துக் கீழே நிற்கும் ச்யுதமத்யம காந்தாரம் வேறு. இரண்டுக்கும் தனித்தனி மெட்டு வைத்தால் மெட்டுகள் நெருங்கிவிடும், வாசிக்க இடைஞ்சல். ஆகவே ஒரே மெட்டு போதும், ஒன்று மற்றதற்குப் பிரதிநிதி என்கிறார் ராமாமாத்யர். காகலி நிஷாதத்துக்கும் இதே நியாயம். அதாவது தண்டியின் மேல் இடம் போதவில்லை என்ற ஒரு தச்சுக் காரணம் ஸ்வரசாஸ்திரத்துக்குள் நுழைந்துவிட்டது. அதை மறைக்காமல் எழுதிவைத்த நேர்மை, பின்னால் வந்த எத்தனையோ சாஸ்திரிகளிடம் இல்லை.

இனி ஆபிரகாம் பண்டிதர். தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் 1859இல் பிறந்து, தஞ்சாவூரில் சித்த வைத்தியராகப் பேரும் பொருளும் சம்பாதித்த கிறிஸ்தவர். 1912இல் சங்கீத வித்யா மஹாஜன சங்கத்தைத் தொடங்கித் தஞ்சையில் மாநாடுகள் கூட்டினார். 1917இல் கருணாமிர்த சாகரத்தைத் தம்முடைய சொந்த மின்சார அச்சகத்திலேயே அச்சிட்டார். அன்றைக்குச் சங்கீத ஆராய்ச்சியில் கோலோச்சியது 22 சுருதிக் கொள்கை. தேவல், கிளெமெண்ட்ஸ் ஆகியோர் அதற்கென்றே தனி ஹார்மோனியம் செய்வித்திருந்தார்கள். பண்டிதர் அதை ஏற்கவில்லை. அவருடைய வாதத்தின் வேர் ஒரு வட்டம். குரலுக்கு இளி, அந்த இளிக்கு இளி என்று பன்னிரண்டு தடவை ஏறினால் ஏழு ஸ்தாயி கடந்து புறப்பட்ட குரலுக்கே வந்து சேரவேண்டும். இரண்டுக்கு மூன்று என்ற சுத்த விகிதத்தில் ஏறினால் வந்து சேராது, இருபத்துமூன்று சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே மிஞ்சும். வட்டம் மூடாது. ராசி வட்டத்தில் பாலைகளை நிறுத்திய பழந்தமிழர் மூடாத வட்டத்தையா வரைந்திருப்பார்கள் என்று கேட்டார். ஆகவே ஸ்தாயியின் பன்னிரண்டு அரைச்சுரங்களும் சமவிகிதத்தில் ஏறவேண்டும். அது ஆயப்பாலை. வட்டப்பாலையில் அவை இருபத்துநான்காகும், அதற்கும் மேலே நாற்பத்தெட்டு, தொண்ணூற்றாறு. பக்கம் பக்கமாக அட்டவணைகள். 1916இல் பரோடாவில் கூடிய அகில இந்திய சங்கீத மாநாட்டுக்கு வெறும் அட்டவணையோடு அவர் போகவில்லை. தம் புதல்விகளை அழைத்துப் போய் வீணையில் வாசிக்கச் செய்து காட்டினார்.

பியானோவின் சமவிகிதத்தைச் சிலப்பதிகாரத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு அங்கிருந்து எடுத்துக் காட்டுகிறார் என்று சொல்வது எளிது. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. அவரைத் தமிழிசையின் பெருமிதமாக்கியவர்கள் அந்த அட்டவணைகளைப் படித்தவர்களாகத் தெரியவில்லை, நிராகரித்தவர்களும் படித்தவர்களாகத் தெரியவில்லை. எனக்கு அக்கறை வேறு ஒரு கேள்வியில். தஞ்சாவூரில் அவருக்கு மேளம் வைத்தவர் அந்த அட்டவணையை வைத்துக்கொண்டா மெட்டை நிறுத்தினார், காதை வைத்துக்கொண்டா? அந்தக் காது எந்த அந்தர காந்தாரத்துக்குப் பழகியிருந்தது? சமவிகித காந்தாரம் 400 சென்ட். நாலுக்கு ஐந்து என்ற இயல்பு விகித காந்தாரம் 386. பதினாலு சென்ட் வித்தியாசம் நல்ல காதுக்குக் கேட்கும். மெழுகில் அது ஒரு சிறு நகர்வுதான். பரோடாவில் நிரூபிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டதும் மறுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டதும் அந்த மெழுகின் இளக்கத்துக்குள் அடங்கிவிடக்கூடியவை. பண்டிதர் 1919இல் காலமானார். அவர் விரும்பிய சமவிகிதப் பன்னிரண்டு, மெழுகில் அல்ல, உலோகத்தில் அடித்து இறக்கப்பட்டு, அரை நூற்றாண்டு கழித்துச் சென்னைப் புறநகரின் கல்லூரி விடுதிகளுக்கும் கோயில் பாடற்குழுக்களுக்கும் கிதாரின் உருவில் வந்து சேர்ந்தது. அதை அவரோடு சேர்த்து நினைத்தவர் யாருமில்லை.

நடுவே ஹார்மோனியத்தின் கதை. 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி அதைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. 1971 வரை விலக்கு நீடித்தது. மேற்கத்திய சங்கீதப் பிரிவில் வேலை பார்த்த ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் அதற்கு முன்பே அந்த வாத்தியத்தைச் சாடி எழுதியிருந்தார், தாகூரும் விலக்குக்கு ஆதரவு. நிலையான ஸ்வரங்கள் நம் சங்கீதத்துக்கு ஆகாது என்பது பிரதான குற்றச்சாட்டு. ஆனால் வீணையின் மெட்டும் நிலையானதுதானே? குற்றம் நிலைத்திருப்பதில் இல்லை, இழுக்க முடியாமலிருப்பதில். ஒரு மெட்டில் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் மேலே உள்ள மூன்று நாலு ஸ்வரங்கள் அதே மெட்டிலிருந்து வரும். ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில், ஒரு சிறுபத்திரிகைக்கு இருக்கிற அளவு ரசிகர்களுக்கு வாசித்த வீணை தனம்மாளின் (1867–1938) வாத்தியத்திலும் மெட்டுகள் மெழுகில் நிலைத்துத்தான் இருந்தன. ஹார்மோனியத்தின் நாக்கை இழுக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

இந்த நியாயத்தை முப்பது வருஷ விலக்கின்போது யாராவது தெளிவாகச் சொல்லியிருந்தால், எலெக்ட்ரிக் கிதார் கர்நாடக மேடைக்கு வந்தபோது ஏற்பட்ட முகச்சுளிப்பு குறைந்திருக்கும். சாதாரண மரக் கிதாரில் தந்தி விறைப்பானது, மீட்டிய ஒலி சீக்கிரம் அணைந்துவிடும், கமகத்தின் வால் கேட்காது. எலெக்ட்ரிக் கிதாரில் தந்தி மெல்லியது, இழுத்தால் வரும். மின்பெருக்கி இருப்பதால் ஒலி நின்று பேசும். 1980களின் தொடக்கத்தில் சுகுமார் பிரசாத் அதில் கச்சேரி செய்தார். ஆந்திரத்துப் பாலகொல்லிலிருந்து வந்த சிறுவன் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) எட்டுத் தந்தி மாண்டலினை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளும் மின்சாரமும் கொண்ட ஒன்றை ஏந்தினான். இரட்டைத் தந்தியைச் சேர்த்து இழுத்தால் இரண்டும் ஒரே அளவு ஏறாது, கமகம் கலங்கும். அதற்கான பரிகாரம் அது. கிண்டி ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்த பிரசன்னா பின்னால் வந்தார். எதிர்த் திசையிலிருந்து ஜான் மெக்லாலின், 1975இல் சக்தி குழுவுக்காக, மெட்டுகளுக்கு இடையேயுள்ள மரத்தைக் குடைந்து பள்ளமாக்கிய கிதாரை எடுத்துக்கொண்டார். விரல் மரத்தைத் தொடாமல் தந்தி மட்டும் விரலின் கீழ் இருக்க அது வழி செய்தது. வீணையில் மெட்டு உயர்ந்து நிற்பதால் கிடைக்கிற அதே சுதந்திரம்.

கமகமாக வாசிக்கும்போது சமவிகிதத்தின் பதினாலு சென்ட் பெரிய தடையல்ல. காந்தாரத்தை எவரும் மெட்டின் மேல் சும்மா நிறுத்துவதில்லை, கீழேயிருந்து இழுத்து அசைத்துத்தான் எடுக்கிறார்கள். பஞ்சமம் இயல்பு விகிதத்திலிருந்து இரண்டு சென்ட்தான் விலகல், தம்புராவில் கரைந்துவிடும். ஆனால் தாரஸ்தாயி ஸட்ஜம் அசையாது. அது தப்பினால் ஒளிய இடமில்லை. ஆகவே கர்நாடக சங்கீதத்துக்குக் கிதாரில் முக்கியமானது கணக்கு அல்ல, குதிரையின் திருகு. மேற்கத்திய முறையில் ஐந்தாறு தந்திகளைச் சேர்த்து மீட்டுகிறவனுக்கு நேர்மாறு. அவன் ஒரு ஸ்வரக்கூட்டத்தில் காதுக்கு இனிமையாகத் தந்திகளைச் சேர்த்துக்கொண்டு அடுத்ததற்குப் போனதும் அது அபஸ்வரமாகக் கேட்கிறது என்று கருவியைத் திட்டுகிறான். அந்தக் கோளாறை எந்தத் திருகும் தீர்க்காது. வட்டத்தை மூடுவதற்காகப் பன்னிரண்டு வீடுகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்த நஷ்டம் அது. பண்டிதருக்குத் தெரிந்த நஷ்டம்.

தாம்பரத்துக்கும் இந்த வாத்தியத்துக்கும் ஒரு தற்செயலான ஒற்றுமை உண்டு. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். கலிஃபோர்னியாவில் போஷாம்ப், ரிக்கன்பேக்கர் இருவரும் மின்காந்தத்தால் தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் முதல் கிதாரை, பார்க்கத் தோசைக்கல் மாதிரி இருந்த ஒன்றை, வடிவமைத்ததும் அதே வருஷம். அடுத்த வருஷம் விற்பனைக்கு வந்தது. அது ஹவாயன் வகை. இரும்புத் துண்டைத் தந்தி மேல் வழுக்கி வாசிப்பது, மெட்டு கிடையாது, ஆகவே இந்தப் பிரச்சனையும் கிடையாது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக் காட்டுக்கு இடம் மாறியது. பிற்பாடு அந்த மரங்களுக்கடியில் நடந்த டீப்வுட்ஸ் விழாவிலும், கிண்டியில் ஐ.ஐ.டி.யின் மார்டி கிராவிலும் மாணவர் குழுக்கள் ராக் வாசித்தன. பரங்கிமலை, பல்லாவரம் ஆகிய இடங்களின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், ரயில்வேக்காரர்கள், கோயில் பாடற்குழுக்கள் என்று இந்த ரயில் பாதையின் ஓரமாகவே கிதாருக்கு ஒரு சமூகம் இருந்தது. 1991க்கு முன்னால் வெளிநாட்டு வாத்தியம் இறக்குமதி செய்வது சாமானியனுக்கு ஆகிற காரியமில்லை. கப்பலில் வேலை பார்க்கிற உறவுக்காரர் கொண்டுவந்தால் உண்டு. இல்லாவிட்டால் கல்கத்தாவில் செய்தது. ஆகவே ஒரு கிதார் ஐந்தாறு கை மாறும். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோன பிறகு பழைய பொருளுக்குப் பல்லாவரம் இருந்தது.

கை மாறிய கருவியில் முன்னவரின் கை எழுதியிருக்கும். என் கிதாரில் முதல் மூன்று மெட்டுகளில் இரண்டாவது, மூன்றாவது தந்திகளுக்கு அடியில் பள்ளம். ஐந்தாவதில் லேசான தேய்மானம். ஏழுக்கு மேலே புதுக்கருக்கு அழியவில்லை. இதை வைத்திருந்தவர் பாட்டுக்குத் துணையாக ஸ்வரக்கூட்டங்களை மட்டுமே வாசித்திருக்கிறார், வருஷக்கணக்கில். தனியாக முன்னே வந்து ஒரு வரி வாசித்தவர் அல்ல. கோயில் பாடற்குழுவில் ஓரமாக நின்றவராக இருக்கலாம். வீணையில் இந்த ஆவணம் தங்காது. மேளம் புதிதாக வைக்கும்போது மெட்டை அராவி மெழுகைச் சுரண்டிவிடுவார்கள்.

தேய்ந்த மெட்டு தட்டையாகிவிடும். தந்தி அதன் உச்சியை விட்டு முன்விளிம்பில் புறப்படும், ஒரு மயிரிழை ஏற்றம். ஆனால் முதல் மெட்டுகளின் விலகலுக்கு அது சிறு பங்கு. பெரிய பங்கு மேருவில். பள்ளங்கள் ஆழம் போதாமல் தந்தி உயரத்தில் நின்றது, முதல் மெட்டில் அழுத்த வெகுதூரம் கீழே இறக்கவேண்டியிருந்தது. மெல்லிய அரத்தால் அராவினேன். இதில் அவசரம் கூடாது, ஒரு இழுப்பு கூடினால் வெறும் தந்தி மெட்டில் உரசி இரையத் தொடங்கும், பிறகு மேருவையே மாற்றவேண்டும்.

அதற்கும் முன்னால் செய்யவேண்டியது தந்தியை மாற்றுவது. நான் அதைக் கடைசியில் செய்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் வீண். துருவும் வியர்வையும் ஏறிய தந்தி நீளம் முழுதும் ஒரே கனமாக இருப்பதில்லை. அதன் நடுப்பகுதி அதன் பாதி ஒலியைத் தராது. குதிரையை எத்தனை திருகினாலும் ஓரிடத்தில் சேர்ந்து மற்ற இடத்தில் விலகும். புதுத் தந்தி போட்டபின் தண்டியின் வளைவைப் பார்க்கவேண்டும்: முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் தந்தியை அழுத்திப் பிடித்தால் நடுவே ஒரு கனமான தாள் நுழையும் இடைவெளி இருக்கவேண்டும். என்னுடையதில் தீப்பெட்டி அட்டையே நுழைந்தது. தண்டிக்குள் ஓடும் இரும்புக் கம்பியை, ஒரு தடவைக்குக் கால் சுற்றாக, இரண்டு நாள் விட்டு விட்டு இறுக்கினேன். தடித்த தந்தியில் மேல் மெட்டுகளில் ஸ்வரம் இரண்டாகப் பிரிந்து நடுங்கினால் அது வேறு வியாதி. அடியிலிருக்கும் காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கிறது. காந்தத்தைக் கீழே இறக்கினால் சரியாகிவிடும். அதற்கும் குதிரையைத் திருகிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் குதிரை. ஆறு குதிரைகளும் ஒரே நேர்கோட்டில் சிப்பாய்கள் போல நின்றன. பார்த்தவுடன் தெரிந்திருக்கவேண்டும். சரியாக வைத்த கிதாரில் அவை படிக்கட்டு மாதிரி ஒன்றுக்கு ஒன்று பின்வாங்கி நிற்கும், தடித்த தந்திக்கு அதிகப் பின்வாங்கல். யாரோ அழகுக்காக நேராக்கியிருக்கிறார்கள். பரிசோதனை ஒன்றுதான்: பன்னிரண்டாவது மெட்டுக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் குழலோசை மாதிரி ஒரு ஸ்வரம் வரும். அது தந்தி தானாகச் சொல்லும் தாரஸட்ஜம். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டவேண்டும். அழுத்தியது ஏறியிருந்தால் குதிரையைப் பின்னே தள்ளு, இறங்கியிருந்தால் முன்னே கொண்டுவா. ராமாமாத்யரும் தந்தியில் தானாகப் பிறக்கும் இந்த ஸ்வரங்களைச் ஸ்வயம்பு என்று பேரிட்டு அழைக்கிறார்.

திருகுகள் துருப்பிடித்து உறைந்திருந்தன. மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்தேன். ஐந்து தந்திகள் வழிக்கு வந்தன. மூன்றாவது தந்தியின் குதிரை பின்னே போகிற வரை போயிற்று, சுருள்வில் முழுக்க அமுங்கிவிட்டது, அதற்கு மேல் இடமில்லை. வில்லில் பாதியைக் குறடால் வெட்டிப் போட்டதில் இரண்டு மில்லிமீட்டர் கிடைத்தது. கைபேசியின் சுருதிமானியில் இன்னும் நாலு சென்ட் ஏற்றம் காட்டுகிறது. தம்புராவோடு வாசித்தால் சில நாள் கேட்கிறது, சில நாள் கேட்பதில்லை. மழை பிடித்தால் தண்டி எப்படியும் கொஞ்சம் அசையும். ஐப்பசியில் மறுபடி பார்க்கவேண்டும்.